ஸ்மூத்தனிங் சரக்கும் சூட்டுக் கருவியும்: விற்கிறவர் தெரிந்துகொள்ள வேண்டியவை



பலசரக்குக் கடை ஒரு பக்கம், பேன்சி ஸ்டோர் ஒரு பக்கம் என்று தனித்தனியாக இருந்த காலம் மாறிவிட்டது. ஒரு அலமாரியில் துவரம்பருப்பு, எதிர் அலமாரியில் ஹேர் கலர் என்று இரண்டும் ஒரே கல்லாவில் பில்லாகும் கடைகள் இன்று சிற்றூர்களிலும் இருக்கின்றன. பக்கத்துத் தெருவில் ஒரு பியூட்டி பார்லர் திறந்தால், அதற்கு வேண்டிய சரக்கையும் நம்மிடம்தான் கேட்கிறார்கள். முதலில் பேஷியல் கிரீம், பிறகு வேக்ஸ், அதன் பிறகு ஸ்மூத்தனிங் கிரீம், கெரட்டின் பாட்டில், ஸ்ட்ரெய்ட்னர் மெஷின். பருப்பில் நிற்கும் லாபத்தைவிட இதில் கூடுதலாக நிற்பதால் நாமும் மறுப்பதில்லை.

ஆனால் பருப்பை விற்றால் அதை வேகவைக்கும் பொறுப்பு வீட்டாருடையது. குழைந்து போனால் யாரும் கடைக்கு வந்து சண்டை போடுவதில்லை. இந்தச் சரக்கு அப்படிப்பட்டதல்ல. பாட்டிலில் இருக்கும் மருந்து பாதி வேலைதான் செய்கிறது. மீதி வேலையைச் செய்வது சூடு. எந்த மருந்துக்கு எவ்வளவு சூடு என்பது மாறிப் போனால் வாடிக்கையாளரின் முடி உடைகிறது, பார்லரில் வேலை செய்கிற பெண்ணின் கண்ணும் மூச்சும் எரிகின்றன. அதற்குப் பிறகு பேச்சு, சரக்கு வாங்கிய கடையை நோக்கித் திரும்புகிறது. சட்டமும் ஓரளவு அந்தத் திசையில்தான் பார்க்கிறது; அதைப் பின்னால் சொல்கிறேன். நான் அழகுக்கலை படித்தவன் அல்ல, மொத்த வியாபாரி. இருந்தாலும் விற்கிற சரக்கு எப்படி வேலை செய்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் கணக்கு எழுதுவது எனக்குப் பிடிக்காது.

முடிச்சும் தையலும்

தலைமுடி என்பது கெரட்டின் என்ற புரதம். நகமும் மாட்டுக் கொம்பும்கூட இதே இனந்தான். இந்தப் புரத இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருக்கும் கட்டுகள் பல வகை. நமக்கு வேண்டியவை இரண்டு. ஒன்று, தண்ணீர் பட்டாலே அவிழ்ந்து, காய்ந்ததும் மறுபடி சேர்ந்துகொள்ளும் கட்டு. சுருட்டை முடியை நனைத்து, நேராகச் சீவி, சூடு காட்டினால் நேராக நிற்பதும், மறுநாள் குளித்ததும் பழையபடி சுருண்டுகொள்வதும் இதனால்தான். மற்றொன்று, கந்தகம் கந்தகத்தோடு சேர்ந்த உறுதியான கட்டு. தண்ணீருக்கோ சாதாரணச் சூட்டுக்கோ அது அசையாது. மூட்டை வாயில் போடும் சுருக்குக்கும் சாக்கின் ஓரத் தையலுக்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுருக்கை இழுத்தால் அவிழும். தையலைப் பிரிக்க வேண்டுமானால் கத்தி வேண்டும்.

பார்லர்களில் நடக்கும் வேலைகளை இந்த இரண்டு கட்டுகளை வைத்தே புரிந்துகொள்ளலாம். ஸ்மூத்தனிங், ரீபாண்டிங் என்று சொல்வதில் பெரும்பாலும் தயோகிளைக்காலிக் அமிலத்தின் உப்பு அடங்கிய கிரீமைப் பூசுகிறார்கள். அது கந்தகத் தையலைப் பிரித்துவிடும். பிறகு நன்றாக அலசி, உலர்த்தி, சூடான தகடுகளுக்கு இடையில் முடியை இழுத்து நேராக்குகிறார்கள். கடைசியில் நியூட்ரலைசர் என்ற இரண்டாவது கிரீம். அதில் பெரும்பாலும் ஹைட்ரஜன் பெராக்சைடு இருக்கும். பிரித்த தையலை நேரான நிலையில் மறுபடி போட்டுவிடுவது அதன் வேலை. அதாவது சூட்டுக் கருவி வேலை செய்யும் நேரத்தில் முடியின் தையல் பிரிந்து கிடக்கிறது. முடி மிகவும் பலவீனமாக இருக்கும் நேரம் அது.

கெரட்டின் ட்ரீட்மென்ட் என்று சொல்வது வேறு. அதில் தையலைப் பிரிப்பதில்லை. மருந்தைப் பூசி ஊறவிட்டு, உலர்த்தி, நல்ல சூட்டில் இழுக்கும்போது அது முடியின் மேலும் உள்ளும் பிணைந்து ஒரு உறை போல நிற்கிறது. சில மாதங்களில் அது கழுவிக் கழுவிப் போய்விடும். இங்கே சூடுதான் மருந்தைப் பிடிக்கச் செய்கிறது. ஆகவே கெரட்டின் கம்பெனிகள் சூட்டைக் கூடுதலாகவே குறித்திருப்பார்கள்.

இரண்டு வேலைக்கும் மெஷின் ஒன்றுதான். பார்லரில் இருப்பதும் ஒரே மெஷின்தான். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. கெரட்டினுக்கு வைத்த சூட்டிலேயே ரீபாண்டிங்கையும் இழுத்தால், தையல் பிரிந்து கிடக்கும் முடி அதைத் தாங்காது. அன்றைக்குத் தெரியாது. பளபளவென்று நேராக இருக்கும். பத்து நாள் கழித்துச் சீப்பில் பாதி பாதியாக முறிந்து வரும்.

எத்தனை டிகிரி?

வீட்டு இஸ்திரிப் பெட்டியில் நைலானுக்கு ஒரு புள்ளி, பட்டுக்கும் கம்பளிக்கும் இரண்டு, பருத்திக்கு மூன்று என்று போட்டிருப்பார்கள். பருத்திச் சூட்டில் நைலான் புடவையை வைத்தால் என்ன ஆகும் என்று வீட்டுப் பெண்களைக் கேட்க வேண்டியதில்லை. முடியிலும் அதே கதைதான். மெலிந்த முடி, சாயம் போட்ட முடி, ப்ளீச் செய்த முடி ஆகியவற்றுக்கு 150 முதல் 180 டிகிரி செல்சியஸ் வரை என்றும், நடுத்தர முடிக்கு 180 முதல் 200 வரை என்றும், தடித்த, சாயம் படாத முடிக்கு அதற்கு மேலும் என்றும் பொதுவாகக் கைக்கொள்கிறார்கள். நன்றாக உலர்ந்த முடியிலேயே சுமார் 230 டிகிரியை ஒட்டிப் புரதத்தின் கட்டமைப்பு குலையத் தொடங்கிவிடுகிறது. வடை போடும் எண்ணெய் 180 டிகிரி அளவில்தான் இருக்கும். 230 என்பது எவ்வளவு சூடு என்று இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம். வெட்டிய முடிக்கு மறுபடி உயிர் கொடுக்க முடியாதது போல, இப்படிக் குலைந்த முடியையும் எந்த ஹேர் ஸ்பாவாலும் மீட்க முடியாது. வெட்டித்தான் எறிய வேண்டும்.

எங்கள் கடைக்கு வரும் பார்லர்கார அம்மா ஒருவர், "அண்ணாச்சி, நான் எல்லாருக்கும் 230-லயே வெச்சுத்தான் இழுக்கிறேன். வேலை சீக்கிரம் முடிஞ்சிடுது" என்றார். "எண்ணெய் புகையற அளவுக்குக் காய்ஞ்சா வடை சீக்கிரம் கருகும், உள்ளே வேகாது இல்லீங்களாம்மா" என்றேன். சிரித்துவிட்டார். ஆனால் அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. கல்யாண சீசனில் ஒரு நாளைக்கு நான்கு தலை என்றால் யாருக்கும் அவசரம் வரும்.

இன்னொரு குழப்பம் எண்ணிலேயே இருக்கிறது. அமெரிக்க, பிரேசில் சரக்குகளின் துண்டுப் பிரசுரங்களில் 450, 380, 350 என்று அச்சிட்டிருப்பதைப் பார்க்கலாம். அவை பாரன்ஹீட் அளவு. 450 பாரன்ஹீட் என்பது 232 செல்சியஸ். 380 என்றால் 193, 350 என்றால் 177. கணக்கு மிகச் சுலபம்: பாரன்ஹீட் எண்ணிலிருந்து 32ஐக் கழித்து, ஐந்தால் பெருக்கி, ஒன்பதால் வகுக்க வேண்டும். பிரசுரத்தில் 350 என்று பார்த்துவிட்டு, செல்சியஸ் காட்டும் மெஷினில் அந்த எண்ணைத் தேடி, கிடைக்காமல் கடைசி எண்ணில் வைத்துவிடுகிறவர்கள் உண்டு. 177ல் செய்ய வேண்டிய வேலை 230ல் நடந்துவிடுகிறது. சில மெஷின்களில் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால் அளவு மாறிக்கொள்ளும். விற்கும்போதே செல்சியஸில் வைத்து, பிரசுரத்து எண்ணின் பக்கத்தில் பேனாவால் செல்சியஸ் அளவை எழுதிக் கொடுத்தால் நமக்கு ஒரு நிமிடம்தான் செலவு.

மெஷினில் எழுதியிருக்கும் எண்ணையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. சன்னமான மலிவு மெஷின்களில் சூட்டை அளக்கும் ஏற்பாடு ஒரே இடத்தில்தான் இருக்கும். தகட்டின் நடுவில் ஒரு சூடு, ஓரத்தில் ஒரு சூடு. ஒரே சுவிட்சும் ஒரு சிவப்பு விளக்கும் உள்ளதில் எத்தனை டிகிரி என்று செய்தவனுக்கே வெளிச்சம். அதை வீட்டு உபயோகத்துக்கு விற்கலாமே தவிர, பார்லருக்குக் கொடுப்பது சரியல்ல. பார்லருக்கு எண் காட்டும் மெஷின்தான் ஏற்றது. ஐந்து அல்லது பத்து டிகிரியாக ஏற்றி இறக்க முடிய வேண்டும். தகடு சமமாக, ஸ்பிரிங் போல லேசாக அசைந்து கொடுக்க வேண்டும். டைட்டானியம் தகடு சட்டென்று சூடேறும். கைப்பழக்கம் உள்ளவருக்கு நல்லது, புதியவருக்கு ஆபத்து. செராமிக் தகடு சற்று நிதானம். மேல்பூச்சு மட்டும் செராமிக்காக உள்ளதில், பூச்சு பெயர்ந்த இடத்தில் முடி மாட்டி அறுந்துபோகும். விரலால் தடவிப் பார்த்தாலே தெரிந்துவிடும், ஆனால் ஆறிய பிறகு தடவுங்கள்.

சூட்டை அளந்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2020இல் கொரோனா சமயத்தில் கடை வாசலில் வைத்திருந்தோமே, அந்த நெற்றி வெப்பமானி இதற்கு உதவாது. அது மனித உடம்புச் சூட்டுக்கு மட்டுமே ஆனது. தொழிற்சாலைகளில் பயன்படும் துப்பாக்கி வடிவக் கருவியும் பளபளப்பான உலோகத் தகட்டில் உண்மையான சூட்டைவிடக் குறைத்தே காட்டும். கம்பி முனையைத் தகட்டில் தொட்டு அளக்கும் கருவிதான் சரி. அது இல்லாதவர்களுக்கு ஒரு பழைய வழி உண்டு. 1870களில் பாரிஸ் நகரில் மார்செல் என்பவர் சூட்டுக் குறடால் முடியை அலையாக வளைக்கும் முறையைக் கொண்டுவந்தார். அடுப்பில் காய்ச்சிய குறடை முடியில் வைக்கும் முன் வெள்ளைக் காகிதத்தில் வைத்துப் பார்ப்பார்கள். காகிதம் பழுப்பேறினால் ஆறவிட்டுத்தான் தலைக்குக் கொண்டுபோவார்கள். எண் காட்டும் மெஷின் வந்துவிட்டதே என்று இந்த வழக்கத்தை விட்டுவிட்டோம். சந்தேகப்பட்ட மெஷினுக்கு இன்றும் அது பயன்படும்.

ஈர முடியில் வைக்கக் கூடாது

இதை ஒரு தனித் தலைப்பாகவே போடுகிறேன், அவ்வளவு முக்கியம். ஈரம் போகாத முடியில் சூடான தகட்டை வைத்தால், முடிக்குள் இருக்கும் தண்ணீர் ஒரு நொடியில் ஆவியாகிறது. வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே கொப்புளமாக ஊதிவிடுகிறது. அப்பளத்தைப் பொரிக்கும்போது கொப்புளம் எழுவது போலத்தான். கொப்புளம் வந்த இடத்தில் முடி ஒடியும். இப்படி ஈர முடியைச் சூடாக்கியதால் வரும் கோளாறைக் 'குமிழ் முடி' என்ற பெயரில் 1994இலேயே தோல் மருத்துவ இதழ்களில் விவரித்திருக்கிறார்கள். காய்ந்த முடி தாங்கும் சூட்டை ஈர முடி தாங்குவதே இல்லை. தகட்டை வைத்ததும் 'சுர்' என்று ஒரு சத்தம் வந்தால் உடனே நிறுத்திவிட்டு, மறுபடி டிரையரால் உலர்த்த வேண்டும். ஆகவே ஸ்ட்ரெய்ட்னர் வாங்குகிறவரிடம் டிரையர் எப்படிப்பட்டது என்றும் கேளுங்கள். காற்று வேகம் இல்லாத டிரையரால் அடர்ந்த முடியை முழுக்க உலர்த்த முடியாது. மேலே காய்ந்தது போல இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். நம் ஊர்ப் பெண்களின் அடர்த்தியான முடியில் இது அடிக்கடி நேர்கிறது. வியாபாரத்துக்காகச் சொல்வதாக நினைக்க வேண்டாம், ஆனால் நல்ல டிரையர் ஒன்று விற்றால் ஒரு புகார் குறையும்.

எண்ணெய் விஷயமும் இதோடு சேர்ந்தது. தேங்காய் எண்ணெய் தேய்த்த தலையோடு வருகிறவருக்கு இரண்டு முறை ஷாம்பு போட்டால்தான் மருந்து பிடிக்கும். எண்ணெய் மிச்சம் இருந்தால் தகட்டில் புகையும். கருப்பு மெஹந்தி, பொடிச் சாயம் போட்டவர்களுக்கு நேரடியாகத் தலை முழுக்கச் செய்யாமல், பின்பக்கம் ஒரு சிறு கற்றையில் முதலில் செய்து பார்க்க வேண்டும். உலோக உப்பு கலந்த சாயம் ஏற்கெனவே இருந்தால், நியூட்ரலைசரில் உள்ள பெராக்சைடு பட்டதும் முடியே சூடேறி ஒடிவது உண்டு. சில கெரட்டின் சரக்குகள் சூடு பட்டதும் சாயத்தின் நிறத்தை வெளிறச் செய்துவிடும். சாயம் போடுவதைப் பிறகு வைத்துக்கொள்வதே நல்லது.

இழுக்கும் முறையில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தகட்டின் அகலத்தை மீறாத சிறு கற்றை, உச்சந்தலையிலிருந்து அரை அங்குலமாவது விலகி, நடுவில் நிறுத்தாமல் ஒரே சீராக இழுக்க வேண்டும். நிறுத்திய இடத்தில் தழும்பு போல மடிப்பு விழும். எத்தனை முறை இழுப்பது என்பது ஒவ்வொரு கம்பெனிக்கும் வேறு. பிரசுரத்தில் போட்டிருப்பதற்கு மேல் ஒரு தடவைகூட வேண்டாம். சூட்டைக் குறைத்துவிட்டு, அதற்கு ஈடாக இருபது முறை இழுப்பதும் சரியல்ல.

புகை

கெரட்டின் சரக்கில் ஒரு வகையைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. 2018இல் கேரளத்தில் மீன் கெடாமல் இருக்கப் பார்மலின் கலந்து கொண்டுவந்ததைப் பிடித்தார்கள். அப்போது நம் பக்கத்து மீன் கடைகளிலும் வியாபாரம் படுத்துவிட்டது நினைவிருக்கும். அந்தப் பார்மலினில் இருக்கும் பார்மால்டிஹைடுதான் முடியை நேராக்கும் சில சரக்குகளிலும் வேலை செய்கிறது. பாட்டிலில் இருக்கும்போது திரவம். தகட்டின் சூடு பட்டதும் வாயுவாகக் கிளம்பி அறை முழுவதும் பரவும். கண் எரியும், மூக்கில் நீர் வடியும், தொண்டை கட்டும். உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் இதைப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் சேர்த்தது.

இதை முதலில் பிரபலப்படுத்திய பிரேசில் நாடே 2009இல் பார்மால்டிஹைடை மருந்துக் கடை, சூப்பர் மார்க்கெட் போன்ற இடங்களில் பொதுமக்களுக்கு விற்பதைத் தடை செய்தது. கவனியுங்கள், தடை வந்தது பார்லருக்கு மட்டுமல்ல, நம்மைப் போன்ற கடைகளுக்கும்தான். அமெரிக்காவில் 'பார்மால்டிஹைடு இல்லை' என்று லேபிளில் அச்சிட்டு விற்ற ஒரு சரக்கை, அங்குள்ள முடி அலங்காரத் தொழிலாளர்கள் புகார் செய்ததன் பேரில் 2010இல் சோதித்தார்கள். அதில் அது தாராளமாக இருந்தது. 2011இல் அமெரிக்க அரசின் உணவு மருந்து நிர்வாகம் அந்தக் கம்பெனிக்கு எழுதிய எச்சரிக்கைக் கடிதத்தில் 8.7 முதல் 10.4 சதவீதம் வரை இருந்ததாகக் குறித்தது. அந்த நாட்டில் தொழிலாளி எட்டு மணி நேரம் சுவாசிக்கும் காற்றில் பத்து லட்சத்தில் முக்கால் பங்குக்கு மேல் இது இருக்கக் கூடாது என்பது விதி. கால் மணி நேரத்துக்கு மட்டும் என்றால் இரண்டு பங்கு.

லேபிளில் அந்தப் பெயரே இல்லாமலும் இருக்கலாம். மெத்திலீன் கிளைக்கால், பார்மலின், மெத்தனால், ஆக்சிமெத்திலீன் என்று எழுதியிருந்தாலும் சரக்கு ஒன்றேதான். இந்த மெத்தனால் என்பது கள்ளச்சாராயத்தில் வரும் மெத்தனால் அல்ல. ஆங்கிலத்தில் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். பொருள்களுக்கு உலகம் முழுவதும் ஒரே எண் வைத்திருக்கிறார்கள். பார்மால்டிஹைடின் எண் 50-00-0. பெயர் புரியாவிட்டால் இந்த எண்ணைத் தேடிப் பாருங்கள். சரக்கோடு வரும் பாதுகாப்புத் தகவல் தாளில் அது இருக்கும். அந்தத் தாளைக் கேட்டால் தயங்குகிற ஏஜென்டிடம் வாங்காமல் இருப்பதே மேல்.

நான் முதலில் கவலைப்படுவது தலை நீட்டுகிற வாடிக்கையாளருக்காக அல்ல. அவர் வருடத்துக்கு ஒரு முறை, இரண்டு முறை உட்காருகிறார். தகட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பெண் ஒவ்வொரு நாளும் அந்தப் புகையில் நிற்கிறாள். பெரும்பாலும் இருபது, இருபத்தைந்து வயது. குளிரூட்டிய அறை, மூடிய கதவு. ஸ்பிளிட் ஏசி உள்ளிருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றி விடுமே தவிர வெளியே தள்ளாது. முகத்தில் போடும் சாதாரண மாஸ்க் தூசியைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. சமையலறையில் போடுகிற எக்ஸாஸ்ட் பேன் ஒன்றை நாற்காலிக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டி, எதிர்ப்பக்கம் ஜன்னலைத் திறந்து வைத்தாலே பெரிய வித்தியாசம் தெரியும். கர்ப்பிணிகள் இந்த வேலையில் நிற்கவே கூடாது, செய்துகொள்ளவும் கூடாது.

பார்மால்டிஹைடு வேண்டாம் என்று ஆன பிறகு, அதன் இடத்துக்குக் கிளையாக்சிலிக் அமிலம் வந்தது. இன்று விற்கும் 'பார்மால்டிஹைடு இல்லாத' கெரட்டின் பலவற்றில் இருப்பது இதுதான். இதையும் கண்ணை மூடிக்கொண்டு விற்க முடியாது. 2019 முதல் 2022 வரை இஸ்ரேலில் 14 மருத்துவமனைகளில், முடியை நேராக்கிக்கொண்ட பிறகு சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்பட்ட 26 பேரைப் பற்றி மருத்துவர்கள் எழுதினார்கள். 2024இல் பிரான்ஸ் நாட்டு மருத்துவர்கள் மூன்று முறை பார்லருக்குப் போய் மூன்று முறையும் சிறுநீரகக் கோளாறு வந்த ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார்கள். அவருக்குப் பூசிய கிரீமில் இந்த அமிலம் இருந்தது. அதே கிரீமை எலிகளுக்குப் பூசிப் பார்த்தபோது அவற்றின் சிறுநீரகத்தில் ஆக்சலேட் படிகங்கள் சேர்ந்தன. உச்சந்தலைத் தோலின் வழியாக மருந்து உள்ளே போவதுதான் காரணம் என்பது அவர்கள் கருத்து. உச்சந்தலையிலிருந்து அரை அங்குலம் விலக்கிப் பூச வேண்டும் என்று பிரசுரத்தில் எழுதியிருப்பதைப் பார்லர்காரர்கள் சும்மா எழுதியது என்று நினைக்கிறார்கள். வேர் வரைக்கும் நேராக வேண்டும் என்று வாடிக்கையாளர் வற்புறுத்துவார். அப்போதும் தோலில் படக் கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குச் செய்யவே வேண்டாம் என்று நம் கடையிலிருந்தே சொல்லிவிடலாம்.

கடைக்காரரின் பொறுப்பு

அழகுச் சாதனங்களை விற்க, மருந்துக் கடைக்கு வேண்டியது போலத் தனி உரிமம் தேவையில்லை. அதனால் நமக்கு ஒரு பொறுப்பும் கிடையாது என்று நினைத்துவிடுகிறோம். 1940ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுச் சாதனங்கள் சட்டத்தின் 18ஏ பிரிவின்படி, ஆய்வாளர் கேட்டால் சரக்கை யாரிடம் வாங்கினோம் என்று பெயர், முகவரி சொல்ல வேண்டும். பில் இல்லாமல் வாங்கினால் எதைச் சொல்வது? 2020ஆம் ஆண்டு அழகுச் சாதனங்கள் விதிகளின்படி லேபிளில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், உபயோகிக்க வேண்டிய கடைசி மாதம், சேர்மானங்கள் எல்லாம் இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கானால் இறக்குமதிப் பதிவு எண்ணும் இறக்குமதியாளர் பெயரும் வேண்டும். சென்னை காசிச் செட்டித் தெருப் பக்கம் கொள்முதலுக்குப் போகிறவர்கள் விலையைக் கேட்கும் முன் இந்த எண்ணைத் தேடிப் பார்ப்பது நல்லது.

இதைவிடக் கூர்மையானது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதன் 86ஆம் பிரிவு, பொருளைத் தயாரிக்காமல் விற்க மட்டும் செய்கிறவர் எப்போது பொறுப்பாளியாவார் என்று சொல்கிறது. சரக்கில் மாற்றம் செய்து அதனால் கேடு வந்தால், தயாரிப்பாளர் சொல்லாத உத்தரவாதத்தை நாமாகக் கொடுத்தால், தயாரிப்பாளர் யாரென்றே தெரியாவிட்டால், நாம் மாட்டிக்கொள்வோம். இன்னொன்று மிகவும் முக்கியம்: ஆபத்தைப் பற்றியோ சரியாகப் பயன்படுத்தும் முறையைப் பற்றியோ தயாரிப்பாளர் கொடுத்த எச்சரிக்கையை, குறிப்பை வாங்குகிறவருக்குச் சேர்ப்பிக்காமல், அதனால் கேடு வந்தாலும் பொறுப்பு உண்டு. 'எத்தனை டிகிரி' என்று அச்சிட்ட அந்தத் துண்டுப் பிரசுரத்தை நாம் குப்பையில் போட்டால், அது வெறும் காகிதத்தைப் போடுவதல்ல.

எனக்குத் தெரிந்த ஒரு கடைக்காரருக்கு நேர்ந்தது இது. நாம் பெரிய மூட்டையைப் பிரித்துச் சில்லறை விற்றே பழகியவர்கள் அல்லவா? அவரும் ஒரு லிட்டர் கெரட்டின் பாட்டிலை நூறு நூறு மில்லியாகப் பிரித்து, வெறும் பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றி, மேலே மார்க்கர் பேனாவால் 'கெரட்டின்' என்று எழுதி விற்றார். சிறிய பார்லர்களுக்கு அது வசதி. ஒரு பார்லரில் அதை ரீபாண்டிங் கிரீமுக்குப் பிறகு, நியூட்ரலைசர் என்று நினைத்துப் பூசி, மெஷினை உச்சத்தில் வைத்து இழுத்துவிட்டார்கள். நிச்சயதார்த்தம் முடிந்த பெண். தோள் வரைக்கும் முடியை வெட்ட வேண்டியதாயிற்று. பெண் வீட்டார் பார்லரில் கேட்க, பார்லர் கடையைக் காட்ட, கடைக்காரரிடம் பேட்ச் எண் இல்லை, பிரசுரம் இல்லை, கம்பெனி பெயரைச் சொல்லலாம் என்றால் அந்தக் குட்டி பாட்டிலில் அது இல்லை. தப்பு பார்லருடையது என்று அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதை நிரூபிக்க வேண்டிய காகிதம் ஒன்றுகூட அவர் கையில் இல்லை. வழக்கு வரை போகாமல் பெரியவர்கள் வைத்துப் பேசி முடித்தார்கள். அவருக்குப் போனது இரண்டு மாத லாபம். அந்தப் பெண்ணுக்கு ஒரு வருடம் ஆகியும் முடி பழையபடி வளரவில்லை.

பருப்பைப் பிரித்தாலும் பருப்பு என்று கண்ணுக்குத் தெரியும். இதைப் பிரித்தால் ஒன்றும் தெரியாது. சின்ன அளவு வேண்டும் என்று கேட்கிறவருக்குக் கம்பெனியே போடும் சின்ன பேக் இருக்கிறது. விலை சற்றுக் கூடுதல் என்றாலும் அதையே கொடுங்கள். பில்லில் 'கெரட்டின் 1' என்று எழுதாமல், கம்பெனி பெயரையும் பேட்ச் எண்ணையும் சேர்த்து எழுதினால் நாளைக்கு நமக்கே உதவும். மெஷின் பில்லில் மாடல் எண்ணும் இருக்கட்டும்.

மெஷின் பற்றி விட்டுப்போன ஒன்றிரண்டு. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த ஸ்ட்ரெய்ட்னரை நம்மிடம் கொண்டுவந்து, பின் மாட்டிக் கொடுங்கள் என்று கேட்பார்கள். அங்கே மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. மெஷினின் அடியில் 100 முதல் 240 என்று போட்டிருந்தால் மட்டும் அடாப்டர் கொடுங்கள். வெறும் 120 என்றிருந்தால் இங்கே மாட்டியதும் கருகிவிடும். தகட்டில் படியும் மருந்துக் கறையை ஒவ்வொரு நாளும் மெஷின் ஆறிய பிறகு ஈரத் துணியால் துடைக்க வேண்டும்; கத்தி, கம்பி நார் வேண்டாம். கறை சேர்ந்தால் சூடு சரியாக ஏறாது, ஏறாததால் எண்ணை ஏற்றுவார்கள். மெஷினைச் சுற்றி வயரை இறுக்கிச் சுருட்டி வைக்கிற பழக்கத்தால் அடிப்பகுதியில் வயர் உள்ளே அறுந்துபோகும். வாரண்டிக்கு வரும் மெஷின்களில் பாதி இந்தக் கோளாறோடுதான் எங்கள் கடைக்கு வருகின்றன, கம்பெனியும் அதை ஏற்றுக்கொள்வதில்லை. விற்கும்போதே வயரைத் தளர்வாக வளையம் போட்டுக் காட்டிக் கொடுத்தால், திரும்பி வரும் சரக்கு குறையும்.